அடர்த்தி: அளப்பதும் அலகு மாற்றுவதும், தண்ணீரைத் துணைக்கு வைத்துக்கொண்டு

அடர்த்தி என்பது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. மேலே நிறை, கீழே கன அளவு. எஃகின் அடர்த்தி 7.85 கிராம்/செமீ³ என்றால், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு சென்டிமீட்டராக உள்ள எஃகுத் துண்டு 7.85 கிராம் இருக்கும். சின்ன ஆணியோ பாலத்து உத்தரமோ, சாதாரண எஃகு என்றால் இந்த எண் மாறாது. அதனால்தான் அடையாளம் தெரியாத உலோகத் துண்டு ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதன் அடர்த்தியைப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு எளிய விஷயத்தில் குழப்பம் எங்கே வருகிறது? அதே எஃகுக்கு ஒரு புத்தகம் 7.85 என்று போட்டிருக்கும். இன்னொன்று 7850 என்று சொல்லும். அமெரிக்க அட்டவணை ஒன்றில் 490 இருக்கும், இன்னொரு அட்டவணையில் 0.284 இருக்கும். நான்கும் சரி. அலகு மட்டும்தான் வேறு. இந்த நான்குக்கும் இடையில் தடுமாறாமல் போய்வரக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, முதலில் அந்த எண்ணை ஒழுங்காக அளந்து எடுப்பது. அளப்பதிலிருந்தே தொடங்கலாம், கையால் ஒருமுறை அளந்து பார்த்தவருக்கு அலகுகள் சீக்கிரம் பிடிபடும்.

முதல் படி: ஒரு போல்ட்டை அளந்து பாருங்கள்

தேவையானவை: 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, 100 மில்லிலிட்டர் அளவுச்சாடி, நூல், தண்ணீர். கைக்கு அடக்கமான ஒரு போல்ட்டை எடுத்து, எண்ணெய் போகத் துடைத்து, ஈரமில்லாமல் எடை போடுங்கள். 94.2 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

சாடியில் 40 மில்லிலிட்டர் வரை தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணாடிச் சாடியில் தண்ணீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறியும் நடுவில் குழிந்தும் நிற்கும். அந்தக் குழியின் அடிமட்டத்தைத்தான் படிக்க வேண்டும், அதுவும் கண்ணை அதே உயரத்துக்கு இறக்கி. மேலிருந்து எட்டிப் பார்த்துப் படித்தால் அளவு கூடுதலாகத் தெரியும். அப்புறம் போல்ட்டை நூலில் கட்டி மெதுவாக உள்ளே இறக்குங்கள். மரையின் இடுக்குகளில் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நூலைப் பிடித்து இரண்டு முறை உதறினால் போய்விடும். குமிழிகளோடு படித்தால் காற்றின் கன அளவும் எஃகின் கணக்கில் சேர்ந்துவிடும்.

தண்ணீர் 52 மில்லிலிட்டருக்கு ஏறியிருந்தால் போல்ட்டின் கன அளவு 12 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரும் ஒரு கன சென்டிமீட்டரும் ஒன்றேதான். 94.2 ÷ 12 = 7.85 கிராம்/செமீ³.

கணக்கு அழகாக வந்துவிட்டது. ஆனால் இந்த முறையை அதிகம் நம்பிவிடக் கூடாது. தண்ணீர் மட்டத்தைப் படிப்பதில் அரை மில்லிலிட்டர் பிசகினால் என்ன ஆகும்? 11.5 என்று படித்தால் விடை 8.19, பித்தளை (8.4 முதல் 8.7 வரை) பக்கம் போய்விட்டது. 12.5 என்று படித்தால் 7.54, வார்ப்பிரும்பை நோக்கிச் சரிகிறது. தராசு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை, சாடிதான் விடையைக் கெடுக்கிறது. அதே மாதிரி போல்ட்டுகள் ஐந்தாறை ஒன்றாகப் போட்டு அளந்தால் பிசகின் பங்கு குறையும்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒரு குவளைத் தண்ணீரைத் தராசின் மேல் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். போல்ட்டை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாமல், கையில் தொங்கவிட்டுப் பிடியுங்கள். கை நடுங்கினால் நூலை ஒரு தாங்கியில் கட்டிவிடுங்கள். தராசு இப்போது 12.0 கிராம் காட்டும். போல்ட் 94.2 கிராம் இருக்க, தராசு ஏன் 12 மட்டும் காட்டுகிறது? போல்ட்டின் பெரும்பகுதிப் பாரத்தை நூல் தாங்குகிறது. தண்ணீர் போல்ட்டை மேல்நோக்கித் தள்ளும் மிதப்பு விசையின் எதிர்விசை மட்டும்தான் தராசில் இறங்குகிறது. அந்த விசை, போல்ட் ஒதுக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். ஒதுங்கியது 12 கிராம் தண்ணீர் என்றால் கன அளவு 12 கன சென்டிமீட்டர். ஆர்க்கிமிடீஸ் சொன்ன தத்துவம்தான். இதில் 0.1 கிராம் பிசகினாலும் விடை 7.79க்கும் 7.92க்கும் இடையில்தான் நிற்கும். சாடியை மறந்துவிடலாம்.

திரவம் என்றால் இன்னும் சுலபம்: காலிச் சாடியை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கி, திரவத்தை ஊற்றி, நிறையைக் கன அளவால் வகுக்க வேண்டியதுதான். மிதக்கும் பொருளை மெல்லிய ஊசியால் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிக்கலாம். தண்ணீரில் கரையும் பொருளுக்கு, அதைக் கரைக்காத வேறு திரவத்தை எடுத்து, தராசு காட்டும் எண்ணை அந்தத் திரவத்தின் அடர்த்தியால் வகுக்க வேண்டும்.

இரண்டாம் படி: தண்ணீரின் வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்

தண்ணீரின் அடர்த்தி 1 கிராம்/செமீ³ என்று இவ்வளவு பொருத்தமாக அமைந்தது தற்செயல் இல்லை. பிரான்சில் 1795இல் மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியபோது, ஒரு கன சென்டிமீட்டர் தூய தண்ணீரின் நிறைதான் ஒரு கிராம் என்றே வரையறுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்துக் கிலோகிராமுக்கு மூலக்கட்டி செய்தபோது, தண்ணீர் மிக அடர்த்தியாக இருக்கும் 4 டிகிரி செல்சியஸ் நிலையை எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு லிட்டர் கொஞ்சம் தடம் மாறியது. 1901 முதல் 1964 வரை லிட்டர் என்பது ஒரு கிலோ தண்ணீரின் கன அளவாக இருந்தது, அது 1.000028 கன டெசிமீட்டர். 1964இல் அந்த வரையறையை நீக்கி, ஒரு லிட்டர் சரியாக ஒரு கன டெசிமீட்டர் என்று ஆக்கினார்கள். மிகப் பழைய அட்டவணைகளில் கிராம்/மிலி என்பதும் கிராம்/செமீ³ என்பதும் ஐந்தாம் இலக்கத்தில் வேறுபட்டால் காரணம் இதுதான். அன்றாட வேலைக்கு அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

தண்ணீரின் அடர்த்தி ஒவ்வொரு அலகிலும் இப்படி:

1 கிராம்/செமீ³
1 கிராம்/மில்லிலிட்டர்
1 கிலோகிராம்/லிட்டர்
1 டன்/மீ³
1000 கிகி/மீ³
62.43 பவுண்டு/அடி³
0.0361 பவுண்டு/அங்குலம்³
8.345 பவுண்டு/அமெரிக்க கேலன்
10.02 பவுண்டு/பிரிட்டிஷ் கேலன்

மாற்றுக் காரணிகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட இந்த வரிசை ஒன்றே போதும் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன். எஃகு தண்ணீரைவிட 7.85 மடங்கு அடர்த்தியானது. இந்த மடங்கு எந்த அலகிலும் மாறாது. ஆகவே, எந்த அலகில் வேண்டுமோ அந்த அலகில் தண்ணீரின் எண்ணை எடுத்து 7.85ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும். 7.85 × 1000 = 7850 கிகி/மீ³. 7.85 × 62.43 = 490 பவுண்டு/அடி³. 7.85 × 0.0361 = 0.283 பவுண்டு/அங்குலம்³ (இலக்கங்களைக் கூட்டிப் போட்டால் 0.2836, அதனால்தான் அட்டவணையில் 0.284). தொடக்கத்தில் பார்த்த நான்கு எண்களும் வந்துவிட்டன.

தலைகீழாகவும் இதே வழிதான். அலுமினியம் 168.6 பவுண்டு/அடி³ என்று எங்கோ பார்த்தீர்களா? 168.6 ÷ 62.43 = 2.70. தண்ணீரைவிட 2.7 மடங்கு. அப்படியானால் 2700 கிகி/மீ³.

கேலன் வரும் இடத்தில் மட்டும் நிதானம் தேவை. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். எந்த கேலன் என்று சொல்லாத ஆவணத்தை நம்பிக் கணக்குப் போட்டால் விடை 20 சதவீதம் வரை பிசகும்.

மூன்றாம் படி: மேலே தனியாக, கீழே தனியாக

தண்ணீர் வரிசையில் இல்லாத அலகு வந்தால்? அப்போது அலகைப் பிரித்து எழுதிச் செய்ய வேண்டும். நிறையை ஒருமுறை மாற்றுங்கள், கன அளவை ஒருமுறை மாற்றுங்கள், பிறகு வகுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் மாற்றப் பார்க்கும்போதுதான் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிடுகிறோம்.

பவுண்டு/அடி³ என்பதைக் கிகி/மீ³ ஆக்குவோம். ஒரு பவுண்டு 0.45359237 கிலோகிராம், ஓர் அடி 0.3048 மீட்டர். இரண்டும் வரையறையால் வந்த எண்கள், தோராயமானவை இல்லை. மேலே 0.45359 கிகி. கீழே 0.3048 × 0.3048 × 0.3048 = 0.028317 மீ³. வகுத்தால் 16.018. ஆகவே 1 பவுண்டு/அடி³ = 16.018 கிகி/மீ³. இந்த எண்ணை மறந்தாலும் இனிக் கவலையில்லை, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

கவனித்தீர்களா, நீளத்தின் காரணியை மூன்று முறை பெருக்கினோம். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒரு மீட்டர் 100 சென்டிமீட்டர்தான், ஆனால் ஒரு கன மீட்டர் 10,00,000 கன சென்டிமீட்டர். ஓர் அடி 12 அங்குலம், ஒரு கன அடி 1728 கன அங்குலம்.

கிராம்/செமீ³ என்பதைக் கிகி/மீ³ ஆக்க 1000ஆல் பெருக்குவது ஏன் என்பதும் இப்படித்தான் விளங்கும். கிராமைக் கிலோ ஆக்கும்போது எண் 1000 மடங்கு சிறுக்கிறது. கன சென்டிமீட்டரிலிருந்து கன மீட்டருக்குப் போகும்போது பெட்டி பத்து லட்சம் மடங்கு பெருக்கிறது, அதற்குள் அடங்கும் நிறையும் அத்தனை மடங்கு. பத்து லட்சத்தை ஆயிரத்தால் வகுத்தால் ஆயிரம்.

எந்திரப் பாகங்களைக் கணினியில் சோதித்துப் பார்க்கும் சில மென்பொருள்களில் நீளம் மில்லிமீட்டரிலும் விசை நியூட்டனிலும் இருக்கும். அங்கே அடர்த்தியை டன்/மிமீ³ அலகில் கொடுக்க வேண்டும்: எஃகுக்கு 7.85 × 10⁻⁹. ஒரு கன மீட்டரில் நூறு கோடி கன மில்லிமீட்டர், அதனால் 7.85 டன்னை 10⁹ஆல் வகுக்கிறோம். அந்தப் பெட்டியில் 7850 என்று தட்டிவிட்டால் மென்பொருள் மறுக்காது. பாகத்தின் நிறையை லட்சம் கோடி மடங்காக எடுத்துக்கொண்டு அமைதியாக விடை சொல்லும்.

அலகு எழுதாத எண்ணால் நடந்தது

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம், பறப்பு எண் 143, மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குக் கிளம்பியது. எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை. அதனால் தொட்டியில் கோல் அளவு பார்த்து, இருந்த எரிபொருள் 7,682 லிட்டர் என்று கண்டார்கள். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோ ஆக்க அடர்த்தி தேவை. எரிபொருள் நிரப்பும் சீட்டில் 1.77 என்று இருந்தது, அதால் பெருக்கினார்கள்.

அந்த 1.77, பவுண்டு/லிட்டர். அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்கள் பவுண்டில் ஓடியவை. 767தான் அங்கே கிலோவில் கணக்கு வைத்த முதல் ரகம். சரியான எண் 0.803 கிகி/லிட்டர். 7,682 × 1.77 = 13,597. ஆக இன்னும் 8,703 'கிலோ' போதும், அதாவது 4,917 லிட்டர் என்று முடிவானது. உண்மையில் ஏற்றியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கும் மேல். வேண்டியதில் பாதிகூட இல்லாத எரிபொருளோடு விமானம் எழும்பியது. வழியில் 41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கி, இரண்டு என்ஜின்களும் நின்றுபோயின. விமானிகள் அதை மிதக்கவிட்டே, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். யாரும் சாகவில்லை.

தண்ணீர் வரிசையைத் தெரிந்தவர் இந்த 1.77ஐப் பார்த்த உடனேயே புருவத்தைத் தூக்கியிருப்பார். கிகி/லிட்டரில் தண்ணீர் 1. விமான எரிபொருள் தண்ணீரில் மிதக்கும் திரவம். அதன் எண் 1ஐவிடக் குறைவாகத்தானே இருக்க முடியும்?

இதே சோதனையை உங்கள் ஒவ்வொரு விடைக்கும் செய்யுங்கள். மூழ்கும் பொருளுக்குத் தண்ணீரைவிடப் பெரிய எண், மிதக்கும் பொருளுக்குச் சிறிய எண். உலோகங்களில் லித்தியம் 0.53, மெக்னீசியம் 1.74, அலுமினியம் 2.70, செம்பு 8.96, ஈயம் 11.34, தங்கம் 19.3. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஆஸ்மியம் 22.59. கிராம்/செமீ³ அலகில் உங்கள் விடை 23ஐத் தாண்டினால் பொருளைச் சந்தேகிக்க வேண்டாம், கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

அடர்த்தி மாதிரி தெரியும், ஆனால் கவனம்

ஒப்படர்த்தி: தண்ணீரைவிட எத்தனை மடங்கு என்ற அதே எண். அலகு கிடையாது. எண்ணெய்த் தொழிலில் ஏ.பி.ஐ. டிகிரி என்று ஒன்று உண்டு. 141.5ஐ ஒப்படர்த்தியால் வகுத்து 131.5ஐக் கழித்தால் வரும். தண்ணீருக்கு 10. எண்ணெய் லேசாக லேசாக இந்த எண் ஏறும், வழக்கத்துக்கு நேர்மாறாக. ஏ.பி.ஐ. 35 என்றால் 141.5 ÷ 166.5 = 0.85.

கிலோநியூட்டன்/மீ³: கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்துவது. இது எடையை வைத்தது, நிறையை வைத்தது இல்லை. எஃகுக்கு 77 என்று இருக்கும். 1000ஆல் பெருக்கி 9.81ஆல் வகுத்தால் 7850 கிகி/மீ³ கிடைக்கும்.

காகிதத்தின் ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது மட்டும். தடிமன் தெரிந்தால்தான் அடர்த்தி ஆகும். 80 ஜி.எஸ்.எம். தாள் 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 0.8 கிராம்/செமீ³.

இவற்றைவிட அதிகமாக ஏமாற்றுவது குவியல் அடர்த்தி. காய்ந்த மணலைப் பெட்டியில் கொட்டி அளந்தால் 1600 கிகி/மீ³ அளவில் வரும். ஆனால் மணல் துகள் ஒன்றின் அடர்த்தி 2650. இரண்டுமே சரிதான், வித்தியாசம், துகள்களுக்கு நடுவே உள்ள காற்று. 1600ஐ 2650ஆல் வகுத்தால் 0.6, அதாவது பெட்டியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் வெற்றிடம். சிமென்டில் இடைவெளி இன்னும் பெரிது: குவியலாக 1440, துகளாக 3150. லாரியில் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கக் குவியல் எண் வேண்டும். கான்கிரீட் கலவைக்குள் சிமென்ட் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்கத் துகள் எண் வேண்டும். மாற்றிப் போட்டால் விடை இரண்டு மடங்குக்கு மேல் தப்பும், அலகு சரியாக இருந்தாலும்கூட.

வெப்பநிலையை எப்போது எழுத வேண்டும்

திடப்பொருளுக்கு அன்றாட வேலையில் தேவைப்படாது. எஃகு 100 டிகிரி சூடேறினாலும் கன அளவு அரை சதவீதம்கூடக் கூடாது. திரவத்துக்கு எழுதுங்கள். பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 சதவீதம் விரிகிறது, அதனால் எரிபொருள் வணிகத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்று ஒரு பொது வெப்பநிலைக்குக் கணக்கைக் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் இதில் சாது: 4 டிகிரியில் 999.97 கிகி/மீ³, 20 டிகிரியில் 998.2, கொதிநிலையில் 958.

வாயுவுக்கு வெப்பநிலையோடு அழுத்தமும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. காற்று 1.225 கிகி/மீ³ என்பது 15 டிகிரியில், கடல்மட்ட அழுத்தத்தில். 20 டிகிரி ஆனதும் 1.204. வாயுக்களுக்குக் கிராம்/லிட்டர் என்று போட்டிருந்தால் மாற்ற வேலையே இல்லை. 1 கிராம்/லிட்டரும் 1 கிகி/மீ³உம் ஒன்று.

கடைசியாக, கணக்கில் ஒளிந்திருக்கும் அடர்த்தி

கட்டுமானக் களத்தில் கம்பியின் எடைக்கு ஒரு சூத்திரம் சொல்வார்கள்: விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகு, மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144 ÷ 162 = 0.889 கிலோ. அந்த 162 எங்கிருந்து வந்தது என்று இப்போது நீங்களே கண்டுபிடிக்கலாம். வட்டப் பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தில் 0.7854 பங்கு. மில்லிமீட்டரை மீட்டராக்க, வர்க்கம் என்பதால் பத்து லட்சத்தால் வகுக்கிறோம். ஒரு மீட்டர் நீளம். அடர்த்தி 7850. எல்லாம் சேர்ந்து விட்டத்தின் வர்க்கத்தை 0.006165ஆல் பெருக்குகின்றன, அதன் தலைகீழ் 162.2. ஆகவே இந்தச் சூத்திரம் எஃகுக்கு மட்டும்தான். அலுமினியக் கம்பிக்கு 162ஐ 7.85 ÷ 2.70 என்ற விகிதத்தில் பெருக்கி, 471ஆல் வகுக்க வேண்டும்.